எடுத்த காலில் வலி வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

சர்க்கரை நோயாலோ விபத்தாலோ காலை எடுத்தவர், "பாதம் எரியுது, கட்டைவிரலைப் பிடிச்சு முறுக்குது" என்றால், மனசு சரியில்லை என்று வீட்டிலிருப்பவர்கள் முடிவு கட்டிவிடாதீர்கள். உறுப்பை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி வருகிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாததால்தான் பலர் பயந்து வாயே திறப்பதில்லை.

இது கற்பனை வலி அல்ல. கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் சும்மா இருப்பதில்லை. கையை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டதுபோல் தெரியும். மூளையில் முகமும் கையும் அடுத்தடுத்த வீடு. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதை விளக்கினார். நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் இல்லாத கால்போல் பார்த்துக்கொண்டே அசைக்கும் கண்ணாடிப் பயிற்சியும் அவர் தந்ததுதான். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கால் இழந்த ராணுவத்தினர் தினம் 15 நிமிடம், 4 வாரம் இதைச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் கண்ணாடி பார்த்துச் செய்த எல்லோருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன் செய்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறையவில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை பழகிவிட்டு வீட்டிலேயே செய்யலாம். கால் முழுவதும் தெரியும் நீளத்தில், உருவத்தை நெளிக்காத கண்ணாடி வேண்டும். விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, நடுவில் நீளவாக்கில் வையுங்கள். முகப்பு நல்ல கால் பக்கம், எடுத்த கால் பின்னால் மறைவாக. கொலுசு, மெட்டி, சாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும். கண்ணாடியில் தெரிவதைத் தன் கால் என்று மூளை ஏற்க அவை தடை. முதலில் சும்மா பாருங்கள். பிறகு மெதுவாகப் பாதத்தை மேலே கீழே, விரல்களை மடக்கி விரித்து. இல்லாத காலையும் கூடவே அசைப்பதாக முயல வேண்டும். பலர் விடுவது இதைத்தான். வேகமாகச் செய்தாலோ டிவி பார்த்துக்கொண்டே செய்தாலோ பயனில்லை. தலைசுற்றல், வியர்வை, வலி கூடுதல் வந்தால் நிறுத்திவிட்டு, மறுநாள் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு காலும் போனவர்களுக்கு இந்த முறை உதவாது.

எடுத்த இடத்திலேயே சிவப்பு, சீழ், காய்ச்சல் இருந்தாலோ, ஒரு புள்ளியைத் தட்டினால் ஷாக் அடித்தாலோ அது வேறு பிரச்சினை. டாக்டரிடம் போங்கள்.

சாதாரண வலி மாத்திரைக்கு இந்த வலி பெரும்பாலும் அடங்காது. டாக்டர் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை எழுதுவார். அவற்றில் தூக்கமும் தலைசுற்றலும் வரும். கால் இருக்கும் உணர்விலேயே பாதித் தூக்கத்தில் எழுந்து விழுபவர்கள் உண்டு. தையல் பிரிந்தால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். வாக்கரைக் கட்டிலை ஒட்டியே வையுங்கள், ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும்.