நொய்யல் ஊருக்குள் ஓடலாம், விடைத்தாளில் ஓடக் கூடாதாம்

பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதிலும் சோசியல் சயின்ஸ்! வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலையும் ஒரே பரீட்சையில் திணித்து நூறு மதிப்பெண். "கதைதானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று ஆண்டு முழுக்கத் தள்ளிவிட்டு, கடைசியில் புக் பேக் கேள்வியை மட்டும் நெட்டுருப் போடச் சொல்கிறார்கள்.

எங்களுக்குத் திருப்பூர். பொருளியலின் கடைசிப் பாடம் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் பற்றியது, அதில் எங்கள் ஊரும் வருகிறது. தொகுப்பு என்றால் என்னவென்று இங்கே பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு பனியன் முழுதாக ஒரே கூரைக்குள் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் இன்னோரிடம், துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் வேறு ஆள், கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங் என்று தெருத்தெருவாகக் கைமாறுகிறது. நூல் விலை ஏறினால் எங்கள் தெருவே அமைதியாகிவிடும். இதைப் பார்த்தே வளர்ந்தவள் என் மகள்.

திருப்புதல் தேர்வில் அந்தக் கேள்விதான் வந்தது. தெரிந்ததை எழுதினாள். சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததையும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி விவசாயிகள் வழக்குப் போட்டதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்தாள். அந்த வரிகள் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், "பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்."

எந்தப் பாடத்தில் இல்லை? ஆறு புவியியலில் இருக்கிறது. உயர் நீதிமன்றம் குடிமையியலில் இருக்கிறது. தொழில் பொருளியலில் இருக்கிறது. மூன்றும் ஒரே ஊரில் மோதிக்கொண்டதை ஒரு பிள்ளை தானாகக் கோத்து எழுதினால் மதிப்பெண் குறைகிறது. கைடில் இருக்கிற ஐந்து பாயின்ட்டை அடிக்கோடிட்டு எழுதியவனுக்கு முழு மதிப்பெண்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்பு வரியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். இது வரலாறு, ஒரு விடை. மறைமுக வரி என்பது பொருளியல், வேறொரு விடை. சோழமண்டலக் கடற்கரை புவியியல், வரைபடத்தில் ஒரு கோடு. ஏழையும் பணக்காரனும் தின்றே ஆக வேண்டிய பொருளுக்கு வரி போட்டதால்தான் அந்தக் கோபம் ஊர் ஊராகப் பற்றியது, இன்று உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது என்றெல்லாம் இரண்டே நிமிடம் பேசினால் மூன்று பாடமும் சேர்ந்து மண்டையில் ஏறும். அதற்கு நேரம் இல்லையாம். டெஸ்ட் வைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

காற்று இன்னும் மோசம். தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழ்நாடு ஏன் மழை மறைவுப் பகுதி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறாள். ஆனால் ஆடியில் எங்கள் மொட்டை மாடித் துணியை அடித்துக்கொண்டு போவதும், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அதே காற்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னபோது அவளுக்கு அவ்வளவு ஆச்சரியம்!

காலக்கோடு வரைவதில் என் மகள் கெட்டிக்காரி. 1919 ஜாலியன்வாலா பாக், 1920 ஒத்துழையாமை இயக்கம், 1922 சௌரி சௌரா என்று வரிசையாக வைப்பாள். "அவ்வளவு பெரிய இயக்கத்தை காந்தி ஏன் திடீரென்று நிறுத்தினார்?" என்று கேட்டேன். "அது எட்டு மார்க்ல வராதுப்பா" என்றாள். அவளை என்ன சொல்ல?

புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் வந்த புதிய புத்தகம் நன்றாகவே இருக்கிறது. படங்களும் பெட்டிச் செய்திகளும் அப்படி. அந்தப் பெட்டிகளைத்தான் "இது வேண்டாம்" என்று பென்சிலால் அடித்துவிடுகிறார்கள். ஆசிரியரையும் முழுதாகத் திட்ட மனசு வரவில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். என் கோபமெல்லாம் வாட்ஸ்அப்பில் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" பிடிஎஃப் சுற்ற விடுகிறவர்கள் மேலும், அதைப் பிரின்ட் எடுத்து "இதை மட்டும் படி" என்று பிள்ளை கையில் கொடுக்கும் பெற்றோர் மேலும்தான்.

கேள்வித்தாள் எடுப்பவர்களே, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: உங்கள் ஊரின் முக்கியத் தொழில் எது, அது ஏன் அங்கே வந்தது, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? கைடு அச்சடிக்கிறவர்கள் ஊர் ஊராக அலைந்து விடை எழுதட்டும், பார்க்கலாம்.