நாலாம் மாடிக் கயிறு

ரங்கூனின் நடுப்பகுதியில் பல தெருக்களுக்கு எண்தான் பெயர். அப்படி எண் போட்ட தெரு ஒன்றில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்போ பையோ, மேலே ஒரு மணி. காலைப் பேப்பர், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ், மாத்திரை, கடன் பாக்கிச் சீட்டு எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும்.

நாலாம் மாடியில் சரோஜா அக்கா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். மற்ற ஆறு நாளும் கீழே இறங்க மாட்டார், முழங்கால் விடாது. கீழே காசியின் வெற்றிலைக் கடை. மாலை ஆறு மணி. கரண்ட் இல்லை. இருந்தால்தான் சொல்ல வேண்டும்.

காசி: அக்கா! அக்கோவ்!

சரோஜா: மணி எதற்கு இருக்கிறது? அதை அடித்தால் போதாதா?

காசி: உங்கள் மணியை அடித்தால் ஐந்தாம் மாடிக்காரர் கயிறு இறக்குகிறார் அக்கா. போன வாரம் அவர் வீட்டுக் குப்பை வந்து இறங்கிற்று.

சரோஜா: சரி, என்ன வேண்டும்?

காசி: எனக்கு ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்குத்தான். பொன்னியின் செல்வன் நாலாம் பாகம்.

சரோஜா: மூன்று ஏறாமல் நாலு இறங்காது.

காசி: மூன்றை மார்கழியிலேயே பையில் போட்டேனே!

சரோஜா: எனக்கு வந்தது வெறும் பை.

காசி: நான் போட்டது புத்தகம். கையை இருட்டில் விட்டுத் தடவிப் பார்த்துத்தான் போட்டேன். அன்றைக்கும் கரண்ட் இல்லை.

சரோஜா: அப்படியானால் நடுவழியில் 'கொலை வாள்' இறக்கை கட்டிப் பறந்துவிட்டதா? அது எங்கள் அப்பா வாங்கிய செட்டு, காசி. ஐந்து பாகம். இப்போது பாண்டவரில் ஒருவர் காணாமல் போன மாதிரி நாலு பேர் அலமாரியில் நிற்கிறார்கள்.

காசி: நாலு இல்லை அக்கா, மூன்று. முதல் பாகம் என்னிடம் இருக்கிறது.

சரோஜா: ஆமாம், அதைக் கேட்க மறந்துவிட்டேன். எதுவரைக்கும் வந்தாய்?

காசி: ஏரிக்கரை.

சரோஜா: எந்த ஏரிக்கரை?

காசி: வீரநாராயண ஏரி. ஆடிப் பதினெட்டு. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான்.

சரோஜா: அது முதல் அத்தியாயம்டா! புத்தகத்தை நீ வாங்கிப் போனது தீபாவளிக்கு!

காசி: எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் அல்லவா? அம்மா மாதிரி ஓட முடியுமா? பள்ளிக்கூடத்தில் நான் படித்தது பர்மிய பாஷை. அதில் எல்லாம் வட்டம் வட்டமாக அழகாக உருண்டு போகும். உங்கள் புத்தகத்தில் ஒரு எழுத்துக்குக் கொம்பு, ஒன்றுக்குக் கால், ஒன்றுக்குத் தும்பிக்கையே இருக்கிறது.

சரோஜா: தும்பிக்கையா?

காசி: சத்தியமாக. 'ல' மாதிரி இருக்கிறது, ஆனால் தலைமேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோயில் வகுப்புப் புத்தகத்தில் அது கிடையாது. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன்.

சரோஜா: அட, அது 'லை'! பழைய அச்சு. ணை, லை, ளை, னை நாலும் அப்போது அப்படித்தான். தமிழ்நாட்டில் 1978இல்தான் எழுத்தைச் சீர்திருத்தி, இப்போது எழுதுகிற மாதிரி மாற்றினார்கள். முன்பெல்லாம் 'யானை' என்று எழுதினால் அதிலேயே தும்பிக்கை இருக்கும். எவ்வளவு பொருத்தம் பார்!

காசி: குதிரைக்கே நான் திணறுகிறேன், நீங்கள் யானையைக் கொண்டுவருகிறீர்கள்.

சரோஜா: 1950இல் தொடங்கி 54 வரைக்கும் கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதை. ஜனங்கள் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். உன் அம்மாவுக்கு மூன்று மாதம் தாங்கவில்லையா?

காசி: தாங்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பால்கனியில் நின்றுகொண்டு, கடைசியில் ஆதித்த கரிகாலன் என்ன ஆகிறான் என்று சொல்ல ஆரம்பித்தீர்களே…

(இரண்டாம் மாடியில் பலமாக ஒரு இருமல்.)

சரோஜா: யார் அது?

காசி: இரண்டாம் மாடிப் பெரியவர். அக்கா, கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே. தெருவுக்கே கேட்கிறது.

சரோஜா: கேட்கட்டுமே. இந்தக் கட்டடத்தில் நம் இரண்டு வீட்டைத் தவிர யாருக்குத் தமிழ் தெரியும்? அந்தப் பூசணித் தலைக்கா? அவர் குறட்டை விட்டால் என் வீட்டுப் பாத்திரம் ஆடுகிறது. அவருக்குத் தமிழ் தெரிந்தால் அதையும் நேரில் சொல்லியிருப்பேன்.

காசி: என்னிடம் தினமும் வெற்றிலை வாங்குகிறார். சுண்ணாம்பு கொஞ்சம் அதிகம் கேட்பார். நல்ல மனுஷன்தான்.

சரோஜா: பாக்கி எவ்வளவு?

காசி: அது இருக்கிறது ஒரு மூன்று மாதமாக.

சரோஜா: பூசணித் தலை!

(மறுபடி இருமல்.)

காசி: நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?

சரோஜா: வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பர்மா வழிநடைப் பயணம்'. இரண்டாம் தடவை. அவர் இதே ரங்கூனில் பத்து வருஷம் இருந்தவர், தெரியுமா? இங்கிருந்து 'ஜோதி' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் 1942இல் மனைவியோடு புறப்பட்டு, காடும் மலையுமாக இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

காசி: நடந்தேவா?

சரோஜா: வண்டி கிடைத்த இடத்தில் வண்டி, படகு கிடைத்த இடத்தில் படகு, மற்றபடி நடைதான்.

காசி: அந்த மனுஷன் ரங்கூனிலிருந்து இந்தியாவுக்கு நடந்திருக்கிறார். அதைப் படிக்கிற நீங்கள் நாலு மாடி இறங்கி வர மாட்டேன் என்கிறீர்கள்.

சரோஜா: அவர் போனவர் போனவர்தான். நான் மறுபடி ஏறி வர வேண்டுமே!

காசி: எப்படி இருக்கிறது புத்தகம்?

சரோஜா: ஒப்பாரி வைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் பிடித்தது. எங்கே என்ன சாப்பாடு கிடைத்தது, யார் உதவினார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் லட்சக்கணக்கில் புறப்பட்ட கூட்டம் அது. வழியிலேயே காலராவில் போனவர்கள் எத்தனையோ பேர். என் தாத்தாவின் அண்ணனும் அந்த வருஷம் நடந்தவர்தான். போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கங்களில் அவர் வருகிறாரா என்று தேடிக்கொண்டே படிப்பேன்.

காசி: வந்தாரா?

சரோஜா: எப்படி வருவார்? சர்மாவுக்கு அவரைத் தெரியாதே. சரி, அதை விடு. நீ என்ன படிக்கிறாய்? குதிரையைத் தவிர?

காசி: 37ஆவது தெருவில் ஒரு பழைய பர்மிய நாவல் வாங்கினேன். 'மொன் யுவெ மஹு'.

சரோஜா: ஜர்னல்ஜோ மா மா லே எழுதியதா? 'வெறுப்பினால் அல்ல'. அது 1955இல் வந்தது. நான் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தேன்.

காசி: நானும் சின்ன வயதில் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்துப் படித்ததுதான். ஆனால் அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை.

சரோஜா: தணிக்கைக்காரர் கிழித்தாரா? அந்தக் காலத்தில் பத்திரிகையில் வேண்டாத வரிமேல் வெள்ளி மை பூசி விற்பார்கள். வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்ப்போம்.

காசி: தணிக்கை இல்லை அக்கா. எனக்கு முன்னால் வாடகைக்கு எடுத்தவன் பீடி சுற்றக் கிழித்துவிட்டான். அதனால் கதாநாயகி வே வே பிழைத்து எழுந்து, அந்தத் துரை வேஷக்காரப் புருஷனை விட்டுவிட்டு, அம்மாவோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்று இருபது வருஷமாக நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

சரோஜா: ஐயோ பாவமே.

காசி: போன செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் படித்தேன். காசநோயில் செத்தே போகிறாள்! அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பாகவே இருந்து, வெள்ளைக்காரன் மாதிரி உடுத்து, வெள்ளைக்காரன் மாதிரி சாப்பிடு என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்துவிடுகிறான். வெற்றிலை மடித்துக்கொண்டே அழுதேன். வாடிக்கைக்காரர்கள் கேட்டால் சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். அன்றைக்கு யாருக்கு எவ்வளவு சுண்ணாம்பு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நாலு பேர் வாய் வெந்து வந்தார்கள்.

சரோஜா: நல்ல புத்தகத்துக்கு அதைவிட என்ன விமர்சனம் வேண்டும்? முடித்துவிட்டாய் என்றால் எனக்கு அனுப்பு. திரும்பப் படிக்கிறேன்.

காசி: நாலாம் பாகத்தைக் கொடுங்கள், அனுப்புகிறேன்.

சரோஜா: பேரம் பேசுகிறாயா?

காசி: நிலைமை முற்றிவிட்டது அக்கா. பொறுக்க முடியாமல் அம்மாவே நாலாம் பாகத்தை இட்டுக்கட்டி என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சரோஜா: சொல்லட்டுமே.

காசி: அதில் வந்தியத்தேவன் கப்பலேறி ரங்கூனுக்கு வருகிறான். முகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதுகிறான்.

சரோஜா: என்ன?

காசி: நந்தினி பக்கத்திலேயே நகை அடகுக் கடை வைத்திருக்கிறாள்.

சரோஜா: போதும், நிறுத்து!

காசி: நேற்று பழுவேட்டரையர் அத்தோ சாப்பிட்டார்.

சரோஜா: கல்கியைக் காப்பாற்ற வேறு வழியில்லை. இதோ இறக்குகிறேன். பையைப் பிடித்துக்கொள். அம்மாவிடம் சொல், பதினைந்து நாள். அட்டையை மடக்கக் கூடாது. அடையாளத்துக்கு வெற்றிலைக் காம்பு வைக்கக் கூடாது.

காசி: எல்லாம் சொல்கிறேன். எனக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் சொல்லவில்லையே?

சரோஜா: நீ முதலில் அந்தப் பையனைக் குதிரையிலிருந்து இறக்கு. பாவம், தீபாவளியிலிருந்து உட்கார்ந்திருக்கிறான், இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ஒரு பக்கம். சந்தேகம் வந்தால் மணி அடி.

காசி: ஐந்தாம் மாடிக் குப்பை வரும்.

சரோஜா: அப்படியானால் கத்து. இதோ வருகிறது பார்… மூன்றாம் மாடி தாண்டிவிட்டது… மெதுவாக…

(இரண்டாம் மாடி பால்கனிக்கு நேராகப் பை வந்ததும், கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு கை நீளுகிறது. பைக்குள் போகிறது. ஒரு புத்தகத்தை எடுக்கிறது. இன்னொரு புத்தகத்தை வைக்கிறது. கை உள்ளே போய்விடுகிறது.)

காசி: அக்கா!

சரோஜா: நானும் பார்த்தேன்.

காசி: பை வந்துவிட்டது. உள்ளே… அக்கா, மூன்றாம் பாகம்! கொலை வாள்! அட்டை போட்டுத் தைத்து வைத்திருக்கிறார்!

சரோஜா: நாலாம் பாகம்?

காசி: அது இல்லை. ஒரு சீட்டு இருக்கிறது. சீட்டோடு பணமும் இருக்கிறது. என் வெற்றிலைப் பாக்கி!

சரோஜா: சீட்டில் பர்மியத்திலா எழுதியிருக்கிறது?

காசி: இல்லை அக்கா… கொம்பு, கால் எல்லாம் இருக்கிறது.

சரோஜா: படி.

காசி: இருங்கள், கூட்டிப் படிக்கிறேன். "மு-தல் இர-ண்டு பா-கமும் நீ-ங்கள் கத்-தியே சொல்-லிவிட்டீர்கள். மூன்-றைப் படி-த்து முடித்-தேன். நா-ன்கு பத்து நா-ளில் தருகி-றேன். ஐந்-தாம் பாக-த்தின் முடிவை மட்-டும் தயவு செய்-து கத்த வேண்டாம்."

சரோஜா: அடப்பாவி மனுஷா… அவ்வளவுதானா?

காசி: கீழே கையெழுத்து இருக்கிறது. "இப்-படிக்கு… பூ-ச-ணி-த் த…" கடைசி எழுத்துதான் தெரியவில்லை.

சரோஜா: எப்படி இருக்கிறது?

காசி: தும்பிக்கை வைத்திருக்கிறது அக்கா.

(சற்று நேரம் மேலே சத்தமே இல்லை.)

சரோஜா: காசி… இனிமேல் நாம் பர்மிய பாஷையிலேயே பேசிக்கொள்ளலாமா?

காசி: அதுவும் அவருக்குத் தெரியுமே அக்கா.

(இரண்டாம் மாடியில் இருமல். இந்தத் தடவை அது சிரிப்பு மாதிரி இருக்கிறது.)