எனக்குத் தெரியும், ஆனா போன் சொல்லிச்சுது

எங்கள் ஊரில் நான் என் ஆய்வைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். "எல்லாத்தையும் ஏஐ முடிவெடுக்குது. மனுசன் எப்படி முடிவெடுக்கிறான் எண்டு பார்க்க ஒரு கலாநிதிப் பட்டமா, பிள்ளை?" என்று மேடையிலிருந்தே கேட்டார் ஒரு ஐயா. சபை சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐயா, இயந்திரம் ஒன்றைச் சொல்கிறது. அதைக் கேட்டு நடப்பதா, விடுவதா என்று முடிவெடுப்பவன் மனுசன். என் ஆய்வு அந்த மனுசனைப் பற்றியது.

நான் திருகோணமலையின் திருக்கடலூரில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர். ஒரு வாடைக் காலத்து விடியற்காலையில் கரையில் நின்று வானத்தைப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தார். காற்றுக் குறைவு என்று காட்டியது. போனார். வலை முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்பியதே பெரிய காரியம். வாசல்படியில் இருந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியும். ஆனா போன் சொல்லிச்சுது."

அந்த "ஆனா"வுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் படிக்கிறேன். கருவியை அளவுக்கு மீறி நம்புவதும் பிழை, நம்ப வேண்டிய இடத்தில் ஒதுக்குவதும் பிழை என்று, மனுசரும் தானியங்கிக் கருவிகளும் பற்றி ஆராய்ந்த ராஜா பரசுராமனும் விக்டர் ரைலியும் 1997-இலேயே எழுதிவிட்டார்கள்.

மனுசன் மட்டும் பிழை விடுவதில்லையா என்பீர்கள். விடுவான். பல இடங்களில் நிபுணரைவிட எளிய சூத்திரமே சரியாகக் கணிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954-இல் காட்டினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனில் ஹொரைசன் என்ற மென்பொருள் தபால் நிலையக் கணக்கில் காசு குறைகிறது என்றது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. "நான் எடுக்கவில்லை" என்றவர்களை நம்பாமல் திரையை நம்பினார்கள். அது ஏஐ இல்லையே என்று வராதீர்கள். வெறும் கணக்கு மென்பொருளுக்கே மனுசன் இப்படிப் பணிந்தால், வாய் திறந்து பதில் சொல்லும் ஒன்றுக்கு எப்படிப் பணிவான்?

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து இதையே பேசியிருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை பேசினால் சிரிப்பு. "இன்னும் எத்தனை வருசம் படிக்கப் போறாள்?" என்று கோயில் வீதியில் அம்மாவை மறித்துக் கேட்பவர்களும் அன்று அங்கே இருந்தார்கள்.

அப்பாவும் இருந்தார், கடைசி வரிசையில். சிரிப்புக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பிடும்போது கேட்டார்: "என்ர போன் கதையை ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதை அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.