போலீஸ் வேஷம் யாருக்கு?

1998 பிப்ரவரி. மேற்கு வங்கம், புருலியா மாவட்டம். சபர் பழங்குடியைச் சேர்ந்த புதன் என்ற இளைஞர் மனைவி சியாமளியோடு போகும் வழியில் ஒரு வெற்றிலைக் கடையில் நிற்கிறார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரே வாரத்தில் பிணமாகிறார். தற்கொலை என்றார்கள். ஊர் நம்பவில்லை. போலீஸ் கண்ணுக்கு ஒரு பொம்மையை எரித்துக் காட்டிவிட்டு, சாட்சி அழியாமலிருக்க உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். அப்புறம் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி போன்றவர்கள் விடாமல் நடத்திய வழக்கில், சியாமளிக்கு இழப்பீடு தரவும் சிபிஐ விசாரிக்கவும் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ல் இந்தக் கதை நாடகமாக மேடை ஏறியது. நடித்தவர்கள் அகமதாபாத் சாராநகரில் வாழும் சாரா சமூகத்து இளைஞர்கள். புருலியா எங்கே, சாராநகர் எங்கே! ஆனால் இரண்டு சனத்துக்கும் ஒரே முத்திரைதான், குற்றப் பரம்பரை. சில சனங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக்கி 1871-ல் வந்த அந்தச் சட்டத்தை நம்மூரில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1920-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது இதை எதிர்த்து நின்றதற்காகத்தான். 1952 ஆகஸ்ட் 31-ல் சட்டம் போனது. சந்தேகம் போகவில்லை.

‘புதன் தியேட்டர்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் குழுவில் என்னை உலுக்குவது, போலீசாக நடிப்பதும் சாராக்களே என்பதுதான். லத்தி எப்படி ஓங்கப்படும், அதற்கு முன்னால் வாயில் என்ன வசவு வரும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே பார்த்தது. எந்த நடிப்புப் பள்ளியில் அதைச் சொல்லித் தருவார்கள்?

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் நாடகம் போடப் போன குழுவில் நானும் இருந்தேன். வசனம் முழுக்க நாங்களே எழுதி எடுத்துப் போயிருந்தோம். பொய்த் திருட்டு வழக்கில் மாட்டியவராக நடிக்க ஒரு பெரியவரைக் கேட்டோம். அழ வேண்டிய இடங்களைக்கூடக் குறித்து வைத்திருந்தோம். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அழுவுறதுக்கு எதுக்குத் தம்பி நாடகம்? நான் போலீசு கட்டுறேன்” என்றார்.

தோள் துண்டை முறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நாலே எட்டு. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஒரு பையன் ஓடிப்போய் அம்மா முந்தானைக்குள் ஒளிந்தான். எங்கள் வசனத்தில் அந்த நடை எங்குமே இல்லை.

“குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்கிறோம்” என்று நோட்டீஸ் அடிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வேஷத்தை யார் பங்கு போடுகிறீர்கள்? நீங்கள் என்றால், அது உங்கள் நாடகம். எங்கள் நாடகம் அன்றைக்கு நின்றுபோனது. பெரியவர் சொல்லச் சொல்ல, அடுத்த மூன்று நாளும் நாங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தோம். நாடகத்துக்குப் பெயரும் அவர்தான் வைத்தார்.