அந்தப் பிள்ளையிடம் "எப்படி?" என்று கேட்டிருக்கலாம்

அந்த வீடியோவை நான் இங்கே திரும்பவும் போடப்போவதில்லை. நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பலர் பகிர்ந்தும் விட்டீர்கள். இதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலேயே, நான் மதிக்கிற ஒரு பெரியப்பா, விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களோடு அதைப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு என்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க முடியவில்லை.

பார்க்காத ஒருவர் இருவருக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. பிரதம அதிதி மைக்கை நீட்டி ஒவ்வொரு பிள்ளையாக "என்னவா வரப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். டாக்டர், எஞ்சினியர், டீச்சர், திரும்பவும் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தரம் 10 படிக்கும் ஒரு மகள் சொல்கிறாள்: "கல்லடிப் பாலத்துக்குக் கீழ ராவையில பாடுறது என்ன எண்டு நான் கண்டுபிடிப்பன் சேர்." அந்தப் பாலத்தடி வாவியில் இரவில் தண்ணீருக்குள் இருந்து ஒரு சத்தம் கேட்கும், மீன் பாடுகிறது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம்.

அவர் சபையைப் பார்த்துத் திரும்பி, "முதல்ல ஓ.எல். சோதினையில கணக்குக்கு ஒரு சி எடுங்க மகள். மறுகா மீனுக்கிட்டப் பாட்டுக் கேக்கலாம்" என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. மேடையில் இருந்த பெரியவர்களும் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் சிரிக்கிறாள். வேறு என்னதான் செய்வாள்? அவ்வளவு பேருக்கு முன்னால் பதினைந்து வயதுப் பிள்ளை வேறு எதைச் செய்ய முடியும்?

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பிள்ளை பெரிதாக ஒன்றைச் சொன்னால் சிரிக்காதீர்கள். "எப்படிச் செய்யப்போறாய் மகள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும். காசு செலவில்லை, அனுமதிக் கடிதம் தேவையில்லை.

அவள் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது? "மீன்பாடும் தேன்நாடு" என்று வரவேற்பு வளைவில் எழுதுகிறோம். விழா மலரில் அச்சடிக்கிறோம், மேடையில் மைக் கிடைத்தவுடன் அதைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறோம். அந்தப் பிரதம அதிதியும் அன்று அப்படித்தான் தொடங்கினார், வீடியோவின் முதல் நிமிடத்தைப் பாருங்கள். பாடுவது எது என்று அறிய ஒரு பிள்ளை ஆசைப்பட்டதும் அது பகிடியாகிவிட்டது.

1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளர், நிலாவெளிச்சத்தில் இதே மட்டக்களப்பு வாவியில் வள்ளத்தில் போய் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். பாடுவது ஊரி, அதாவது ஓடுள்ள ஒரு நத்தை வகை, என்று எங்கள் மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஓர் அமெரிக்கப் பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார், அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆனால் பாடுவது மீனா, ஊரியா, வேறு ஏதாவதா என்று உறுதியாக இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அந்த மகள் கண்டுபிடிக்க நினைப்பது நிசமாகவே இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒன்று. சிரித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. 1980களில் கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்ற ஊரில், படகு வீடுகளில் இருந்தவர்களுக்கு இராத்திரியில் தூக்கமில்லை. தண்ணீருக்கடியில் இருந்து ஒரே ரீங்காரம். கழிவுநீர்ப் பம்ப் என்றார்கள், இராணுவத்தின் வேலை என்றார்கள். கடைசியில் ஒரு மீன். இனப்பெருக்கக் காலத்தில் பெண் மீனைக் கூப்பிட ஆண் மீன் தன் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை அதிரவைத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் விடாமல் இரையும். அந்தச் சத்தத்தைத் தேடிப் போனவர்களைப் பார்த்து "முதல்ல கணக்கில சி எடு" என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கே அது விஞ்ஞானம், இங்கே ஒரு பெண்பிள்ளை கேட்டால் மட்டும் விசர்க்கதையா?

இப்போது கணக்குக்கு வருகிறேன். "டீச்சர், நீங்களே சொல்லுங்க, கணக்கு முக்கியம்தானே" என்று எனக்கே இன்பொக்ஸில் வந்து கேட்கிறார்கள். ஓம், முக்கியம். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது தெரியாதா? காற்றில் சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது, தண்ணீரில் 1500 மீற்றர் அளவில் போகிறது. வாவியின் இரண்டு இடங்களில் ஒலிவாங்கியை இறக்கி, எதில் முதலில் சத்தம் பிடிபடுகிறது, எவ்வளவு முந்திப் பிடிபடுகிறது என்று அளந்தால், சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று கணிக்கலாம். அதற்குக் கணக்குத்தான் வேண்டும். இதை அந்த மேடையில் அவளுக்குச் சொல்லியிருந்தால் அன்றிரவே கணக்குக் கொப்பியைத் திறந்திருப்பாள். கணக்கை அவள் போகவேண்டிய வழி என்று காட்டியிருக்கலாம். அவர் அதை முகத்தில் அறைந்து சாத்துகிற கதவாக்கிவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறேன்.

எனக்கு ஒரு தம்பி. படுவான்கரையில் வாவியோரம் வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுக்குத் தோணியும் வலையும்தான் உலகம். ஒருநாள் ஒரு யோசனையோடு வந்தான். ஓடு கழற்றின நண்டு சதையில்லாமல் வெறும் தண்ணியாக இருக்கும், வியாபாரி அதைத் தூக்கி எறிகிற விலைக்குத்தான் எடுப்பான். அதைக் கூட்டில் விட்டு, வலையில் படுகிற கழிவு மீனைப் போட்டுச் சில வாரம் வைத்திருந்தால் சதை பிடித்துவிடும், ஏற்றுமதிக்காரன் நல்ல விலை தருவான். இதையெல்லாம் கேட்டு விசாரித்து ஒரு கொப்பியில் எழுதியிருந்தான். கூட்டின் நீளம் அகலம், மூங்கில் எத்தனை, கம்பி வலை எவ்வளவு, வாவியில் உப்பு குறைகிற மாரி மாதங்களில் என்ன செய்வது என்றுகூட யோசித்திருந்தான். எழுத்துப்பிழை வரும் என்று பயந்து என்னிடம் தந்தான், நான்தான் திருத்தி அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அதைக் கொண்டுபோய் ஊர்க் கூட்டமொன்றில் எழும்பிச் சொன்னான். முன்வரிசையில் இருந்த ஒருவர், "நண்டுக்கு நீ சோறு போட்டா உனக்கு ஆர்ரா சோறு போடுற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொப்பியைத் திறக்கவே இல்லை அவன். ஒருத்தராவது "எப்படித் தம்பி செய்யப்போறாய்?" என்று கேட்டிருந்தால் அவனிடம் பதில் இருந்தது. பக்கம் பக்கமாக இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவன், அடுத்த வருடம் கட்டாருக்குப் போய்விட்டான். இன்று இலங்கையில் பல கரையோரங்களில் நண்டை அப்படித்தான் கொழுக்கவைத்து விற்கிறார்கள். அவன் பாலைவனத்தில் வேறொருவனுக்குக் கட்டடம் கட்டுகிறான்.

இந்த வீடியோ அவனுக்கும் போயிருக்கிறது. போன் எடுத்தான். வேறொன்றும் கேட்கவில்லை. "அக்கா, அந்தப் பிள்ளை மறுகா அழுததா?" என்று மட்டும் கேட்டான்.

ஆகவே "அவர் சும்மா பகிடிக்குத்தானே சொன்னவர்" என்று என்னிடம் வராதீர்கள். பகிடி என்று எனக்கும் தெரியும். பகிடிதான் வேலையை முடிக்கிறது. ஏசியிருந்தால் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாள். ஊரே சேர்ந்து சிரிக்கும்போது யாரோடு மோதுவாள்?

"பெரிய மனுசர், ஊருக்கு எவ்வளவு செய்தவர்" என்கிறார்கள். செய்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்வேன். இதற்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாப் பிள்ளைக்கும் வானத்தைத் தொடு என்று ஆசை காட்டினால் யார் பொறுப்பு?" என்பவர்கள். இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, நான் ஒளிக்கவில்லை. கொழும்பில் இருந்து வந்து, கனவு காணுங்கள் என்று கத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு வான் வண்டியில் ஏறிப் போகிற பேச்சாளர்களை எனக்கும் பிடிக்காது. அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்று தெரியாத இலக்கு வெறும் சத்தம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், "எப்படி?" என்று கேளுங்கள் என்று. அந்தக் கேள்வியிலேயே பொறுப்பு இருக்கிறது. யோசிக்காமல் சொன்ன பிள்ளை அந்தக் கேள்வியில் தானாகவே யோசிக்கத் தொடங்கும். யோசித்த பிள்ளைக்குச் சொல்ல ஓர் இடம் கிடைக்கும். வழியும் இல்லாமல் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால், மாத்தறைப் பக்கம் றுகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் என்றே ஒரு பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே விலங்கியல் படிக்கலாம். இதில் எது வானத்தில் இருக்கிறது?

காரைதீவில் 1892இல் பிறந்த ஒரு பையன் விஞ்ஞானம் படித்தான், லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. எடுத்தான், துறவியானான். பிறகு, நூற்றாண்டுகளாக எவரும் வாசித்திராத யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்பு எந்தச் சுரத்தில் ஒலித்திருக்கும் என்று பழந்தமிழ்ப் பாடல்களையும் கணக்கையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தேடினான். சுவாமி விபுலாநந்தரைத்தான் சொல்கிறேன். 1947இல் யாழ்நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் போய்விட்டார். கல்லடி உப்போடையில் சிவானந்தா வளவில் இருக்கிற அவர் சமாதிக்கு நாங்கள் மாலை போடுகிறோம். கேட்காமல் போன ஒரு சத்தத்தைத் தேடிப் போனவருக்கு மாலை. இன்னும் கேட்கிற ஒரு சத்தத்தைத் தேடிப் போகிறேன் என்கிற பிள்ளைக்குச் சிரிப்பு. அதுவும் அவர் சமாதிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாலத்தடிச் சத்தம்.

எழுத எழுத எனக்கு மனம் வேறு எங்கோ போகிறது. எங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள்? கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. என் பெரியப்பா கெட்டவர் இல்லை. தலையை நிமிர்த்திப் பெரிதாகப் பேசின பிள்ளைகள் வீடு வந்து சேராத காலம் ஒன்று இங்கே இருந்தது. "அடங்கி இரு மகன், கண்ணில படாம இரு" என்று சொல்லித்தான் பெத்தம்மாமார் எங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். இராத்திரியில் வாவியில் தோணி இறக்க விடாத வருடங்கள் எத்தனை! ஒரு தலைமுறையே அந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தது. நானும் அதில் ஒருத்தி. பயத்தில்தான் சிரிக்கிறோம் என்று எனக்கு விளங்குகிறது. பிள்ளை பெரிதாக ஆசைப்பட்டு விழுந்துவிடுமோ என்று, அது எழும்ப முன்னரே நாங்களே பிடித்து இருத்திவிடுகிறோம்.

ஆனால் யுத்தம் முடிந்த வருடம் 2009. அந்த மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். எங்கள் பயத்தை அவள் ஏன் சுமக்கவேண்டும்?

அவளுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது, யாராவது காட்டினால் வாசிக்கட்டும். மகள், தேடிப் போனால் அது மீனாக இல்லாமல் இருக்கலாம். ஊரியாகவும் இல்லாமல் இருக்கலாம். நீ நினைக்காத ஒன்றாக இருக்கலாம். அப்போது உன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காதே. மீனவர் சொல்வதைக் கேள், புத்தகம் சொல்வதைக் கேள், இரண்டும் மோதினால் தண்ணீரில் போய்ப் பார். ஆசையை மட்டும் சின்னதாக்கிவிடாதே. கணக்கில் எங்கே இடறுகிறது என்று சொல், பின்னேரங்களில் நான் படிப்பிக்கிறேன்.

பெரியப்பாவுக்குக் குழுவிலேயே பதில் எழுதிவிட்டேன். வீடியோவைப் போட்ட மற்றவர்களிடமும் கேட்கிறேன், தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவள் முகம் தெரிகிறது, பாடசாலைப் பெயர் தெரிகிறது. அந்தப் பாடசாலையில் படிப்பிக்கிற யாராவது இதை வாசித்தால், பெற்றோரோடு பேசிப் பாருங்கள். எங்கள் சித்தப்பா இன்னும் தோணி வைத்திருக்கிறார், வருகிற பறுவத்துக்கு, பூரணை நிலவில், பாலத்தடிக்குக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார். தாயும் ஒரு டீச்சரும் கூட வரட்டும். தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கேயோ யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒரு இரவுக்குத் தந்தால் போதும், நானே வந்து எடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து தருவேன்.