எடை போடும் பட்டனை மெனுவுக்குள் ஒளிக்க மாட்டேன்

நேற்றைய ஸ்கிரீன்ஷாட் கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பசுந்தேயிலைக் கொள்முதலுக்கு நான் எழுதிய மென்பொருளின் திரை அது. "இத்தனை பட்டன் எதுக்கு? எல்லாத்தையும் ஒரே பாப்அப் மெனு பட்டனுக்குள்ள போட்டா எவ்வளவு சுத்தமா இருக்கும்" என்று ஒரு தம்பி ஆரம்பித்துவைக்க, கீழே சிரிப்பு எமோஜிகள் வரிசை கட்டின. சிரித்தவர்களில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் என்னோடு டீ குடித்தவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். விஷயத்தைப் பேசுவோம்.

பாப்அப் மெனு பட்டன் என்றால், அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும் பட்டன். அதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதைத் தேர்ந்தோம் என்பது மெனு மூடியிருக்கும்போதும் தெரிய வேண்டும் என்றால் அதைவிட நல்லது கிடையாது. என் திரையிலும் இருக்கிறது, கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். இலை எடுக்கும் இடம் கட்டபெட்டா, நெடுகுளாவா, அரவேணுவா என்று காலையில் ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் 'எடை பதிவு செய்', 'சீட்டு அச்சிடு', 'கடைசிப் பதிவை ரத்து செய்' இதெல்லாம் தேர்வு இல்லை, வேலை. நாள் முழுக்கச் செய்கிற வேலை. அதை மெனுவுக்குள் போடுவது தீப்பெட்டியைக் கொண்டுபோய்ப் பரணில் வைக்கிற மாதிரி.

"ஆப்பிளே செய்யுதே அண்ணா" என்று ஒரு கமெண்ட். ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியைத் திறந்து பாருங்கள் தம்பி. தேர்வுக்குப் பாப்அப் பட்டன், செயல்களுக்குப் புல்டவுன் பட்டன் என்று அவர்களே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மேக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதும்போது என்எஸ்பாப்அப்பட்டன் (NSPopUpButton) என்ற ஒரே கிளாஸ்தான், அதாவது ஆப்பிள் தயாராகக் கொடுக்கும் ஒரே பட்டன் அச்சுதான், இரண்டையும் செய்கிறது. 'புல்ஸ்டவுன்' (pullsDown) என்ற அமைப்பை மாற்றினால் அதன் குணமே மாறிவிடும். மெனுவில் முதலில் சேர்த்த ஐட்டம் பட்டனின் தலைப்பாகப் போய்விடும், விரித்தால் பட்டியலில் இருக்காது. 'எடை பதிவு செய்' என்பதை முதலில் சேர்த்துவிட்டு, அது எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே கிளாஸில் தலைப்பை மட்டும் கொடுத்து ஐட்டம் சேர்த்தால், அதே தலைப்பில் ஏற்கெனவே இருப்பதை நீக்கிவிட்டுத்தான் புதியதைச் சேர்க்கும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) எத்தனை போஜன், எத்தனை பெள்ளி! பெயரை மட்டும் வைத்து மெனு கட்டினால் ஊருக்கு ஒரு போஜன்தான் மிஞ்சுவார். மற்ற போஜன்களின் இலைக்கு யார் பணம் கொடுப்பது?

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அப்பா ஒரு பேக்டரிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார், பெயர் வேண்டாம். அங்கே விவசாயி பெயரை ஒரு காம்போ பாக்ஸில், அதாவது பட்டியல் விரியும் பெட்டியில், தேர்ந்தெடுப்பார்கள். விண்டோஸில் தேர்ந்தெடுத்த பிறகும் ஃபோகஸ், அதாவது கீபோர்டும் மவுஸ் சக்கரமும் எதன்மேல் வேலை செய்யும் என்பது, அந்தப் பெட்டியிலேயே நிற்கும். பக்கத்தைக் கீழே இறக்குவதாக நினைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் இறங்காது, பெயர் மாறும். சத்தமே இல்லாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பாவின் கிலோ அப்படித்தான் இன்னொருவர் கணக்கில் ஏறியது. மாதக் கடைசியில் பணம் குறைகிறதே என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா பெரியவரே?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார்கள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. திரையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது.

"போன் திரையில் இடமில்லையே" என்று கேட்டவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரிதாகத் தொடும் விஷயங்களை அங்கே மூன்று புள்ளி மெனுவுக்குள் தள்ளலாம், நானும் தள்ளுவேன். கீபோர்டு ஷார்ட்கட் கொடு என்றவருக்கு: ஏற்கெனவே இருக்கிறது.

"பழகிட்டா சரியாகிடும்" என்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். யார் பழக வேண்டும்? ஜூலை மழையில் தகரக் கொட்டகைக்குக் கீழே, ஈர விரலோடு, வெளியே லாரி ஹார்ன் அடிக்க அடிக்க எடை போடுகிற அக்காவா? இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் இருந்தால் கை அங்கே போய்ச் சேர நேரமாகும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து எழுதிவிட்டார். மெனு என்றால் ஒரு அழுத்து, ஒரு வாசிப்பு, ஒரு குறி, இன்னொரு அழுத்து. ஒவ்வொரு மூட்டைக்கும் இதே கதை. திரைகள் கட்ட உதவும் கியூடி (Qt) தொகுப்பின் டூல்பட்டனில் மெனுவை மாட்டிவிட்டு, அது எப்படி விரிய வேண்டும் என்று சொல்லும் பாப்அப் மோடைத் தொடாமல் விட்டீர்கள் என்றால் இன்னும் அழகு: அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால்தான் மெனுவே விரியும். காத்திருக்கச் சொல்லி லாரி டிரைவரிடம் நீங்களே வந்து பேசுங்கள்.

மூடிய மெனுவில் எது இயங்கும், எது மங்கியிருக்கிறது என்றும் தெரியாது. ரத்து செய்ய முடியுமா என்று பார்க்கவே ஒரு தடவை திறக்க வேண்டும். இதற்குப் பெயர் சுத்தமாம்.

உண்மையைச் சொன்னால், பிரச்சினை பட்டனில் இல்லை என்று நினைக்கிறேன். குன்னூர் கஃபேயில் லேப்டாப்பை விரித்து, மூடுபனியைப் படம் எடுத்துப் போட்டு, "மலையிலிருந்து வேலை" என்று எழுதுகிறவர்களுக்கு, இங்கேயே பிறந்து இங்கேயே மென்பொருள் எழுதுகிறவனின் திரை பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிகிறது. எங்கள் மென்பொருளும் ஹோம்ஸ்டே விளம்பரம் மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கொள்முதல் கொட்டகைக்குள் ஒரு சாயங்காலம் நின்றவர் அந்த கமெண்ட்டில் ஒருவர்கூட இல்லை. நின்றிருந்தால் தேர்வு எது, வேலை எது என்று நான் இவ்வளவு எழுதவே தேவையிருந்திருக்காது.

"உணர்ச்சிவசப்படுறீங்க" என்று அடுத்து வரும். ஆமாம், வரட்டும்.

பட்டன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த பதிப்பில் ஒரே ஒரு மாற்றம்: மாத அறிக்கை, பேக்கப், மொழி அமைப்பு மூன்றும் ஒரு மெனுவுக்குள் போகின்றன. அது எடை போடும் அக்கா போன வாரமே கேட்டது. நன்றி அவருக்கு மட்டும்.