பெருநிறுவனத் துணையின்றி வந்த முதல் பங்க் இசைத்தட்டு பஸ்காக்ஸ் வெளியிட்டதா?

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’தான் பெருநிறுவனத் துணையின்றி வந்த உலகின் முதல் பங்க் ராக் (1970களில் எழுந்த வேகமான, எளிமையான ராக் இசைவகை) இசைத்தட்டு என்றும், அக்குழு கடைசிவரை எந்தப் பெரிய நிறுவனத்திலும் சேரவில்லை என்றும் ஒரு தகவல் பரவிவருகிறது. இரண்டுமே தவறு.

லண்டனின் டேம்ன்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ 1976 அக்டோபரிலேயே ஸ்டிஃப் என்னும் சிறு நிறுவனத்தின் வழியாக வந்துவிட்டது. அதற்கும் முன்பு, அதே ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து செயின்ட்ஸ் குழு ‘ஸ்ட்ராண்டட்’ பாடலைத் தன் சொந்தச் செலவில், தானே தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டிருந்தது. பிரிட்டனில் ஒரு பங்க் குழு தானே நிறுவனம் தொடங்கி வெளியிட்ட முதல் தட்டு எது என்று கேட்டால் மட்டுமே பஸ்காக்ஸ் பெயரைச் சொல்லலாம்; அந்தப் பெருமையே சிறியதன்று.

பஸ்காக்ஸ் குழுவினர் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, மார்ட்டின் ஹானெட்டின் தயாரிப்பில் 1976 டிசம்பர் 28 அன்று ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’சின் நான்கு பாடல்களையும் பதிவுசெய்தனர். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, அதன்மேல் வேறு ஒலி சேர்க்கப்பட்டதா என்பதையெல்லாம் உறையிலேயே அச்சிட்டார்கள். ‘நீங்களும் இதைச் செய்யலாம்’ என்று கேட்பவரிடம் சொல்வது போன்ற செயல் அது. முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகள்.

பாடகர் ஹோவர்ட் டெவோட்டோ விரைவிலேயே விலகினார். பீட் ஷெல்லி பாடகராக, குழு 1977 ஆகஸ்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பரவலாக அறியப்பட்ட அவர்களுடைய பாடல்களில் பெரும்பாலானவை அதன்பின் வந்தவையே.